வேனுக்காக எடுத்த மீசை

எங்கள் வட சென்னையில் ஒரு ஆணின் தலையைப் பார்த்தே அவன் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடலாம். மொட்டையும் மீசையும் சேர்ந்து இருந்தால் திருப்பதி. மொட்டையோடு கழுத்தில் புது ஜெபமாலை தொங்கினால் வேளாங்கண்ணி. மொட்டை, தாடி, அத்தர் வாசனை மூன்றும் ஒன்றாக வந்தால் மெக்கா போய்வந்த உம்ரா. இந்த மூன்று பேரிடமும் லட்டோ எண்ணெய்ப் புட்டியோ பேரீச்சம்பழமோ உரிமையோடு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நாலாவதாக ஒரு வகை உண்டு. மொட்டை இருக்கும், மீசை இருக்காது. அவனிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் வந்து கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்துவிட்டு நிற்பவனிடம் "யாரு?" என்று வாய் திறந்து கேட்பது எங்கள் பக்கத்தில் அநாகரிகம்.

இந்த நாகரிகத்தால் சீரழிந்த ஒரே ஆள் அநேகமாக நான்தான்.

அப்போது எனக்கு நாற்பதை எட்டிக்கொண்டிருந்த வயது. ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. (துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்வது. கன்டெய்னருக்குள் என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.) கல்யாணம் ஆகவில்லை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, மெஸ் சாப்பாடு. அறையிலிருந்த மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம் போடும். வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனை அனுப்பினார். நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த அறையில் என்னைத் தவிரச் சத்தம் போட அது ஒன்றுதான் இருந்தது.

அப்பா எண்ணூரில் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். பெயர் தனபால். அங்கேயே ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். (அச்சில் மரியாதையாக 'அப்பா' என்று எழுதுகிறேன். நேரில் 'நைனா'தான்.) ராயபுரத்தில் ரயில் ஏறினால் எண்ணூர் என்ன பெரிய தூரமா? ஆனாலும் நான் கடைசியாகப் போனது பொங்கலுக்கு. அந்த வருட வெயில் முடிந்து மழையே ஆரம்பித்துவிட்டது.

சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குள் சண்டை போடும் அளவுக்குப் பேச்சு இருந்ததே இல்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான் போய்வரும். நான் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அப்பா அடுப்படியைப் பார்த்து, "அவன் துன்னானான்னு கேளு" என்பார். நானும் அடுப்படியைப் பார்த்து, "துன்னுகினுதான் கீறேன்னு சொல்லும்மா" என்பேன். அம்மா இரண்டு பக்கமும் செய்தியைச் சேர்ப்பாள், தன் சரக்கையும் கொஞ்சம் கலந்து. அவள் போன பிறகு லைன் கட். நான் போனால் "சாப்டியா?" என்பார். "ம்" என்பேன். பிறகு இரண்டு பேரும் டிவியைப் பார்ப்போம். பாவம் அந்த டிவி, அம்மா இருந்த இடத்தில் அது என்ன செய்யும்? இப்படியே என் வருகை குறைந்தது.

அம்மாவைக் கொண்டுபோனது புற்றுநோய். சிகிச்சைக்கு எண்ணூரிலிருந்து நகரத்துக்கு இரண்டு பஸ், அதற்கப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து வைத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் கவர் போதவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் திருவொற்றியூர் தேரடியில் எங்களை இறக்கிவிட்டுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, கூட ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். தலைமுடி கொட்டிய பிறகு அம்மா துண்டைக் கட்டிக்கொண்டுதான் கண்ணாடி பார்ப்பாள். அந்தத் துண்டை என்னால் மறக்கவே முடிந்ததில்லை.

அதனால்தான் டீக்கடைச் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்ததும் நின்றேன். புற்றுநோயாளிகளுக்கு உதவ ராயபுரத்தில் ஒரு சின்னக் குழு. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு பழைய வேன் வாங்க நிதி திரட்டுகிறார்கள். அம்மாவுக்காகச் சேர்ந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன், அது நிஜம்தான். வாரா வாரம் கூட்டத்தில் டீ கொடுத்து "வாங்க பாஸ்கர்" என்று யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதற்காகவும் சேர்ந்தேன். இது அதைவிட நிஜம்.

குழுவின் தலைவி ஸ்டெல்லா டீச்சர், ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான், எங்களை அதட்டுவதிலிருந்து இல்லை. வண்ணாரப்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்த காதர் பாய் பொருளாளர். மற்றபடி ஏழெட்டுப் பேர் வருவார்கள், போவார்கள். நிதி திரட்ட ஆளுக்கொரு யோசனை சொல்லுங்கள் என்று டீச்சர் ஒருநாள் உட்காரவைத்துவிட்டார்.

"பிரியாணி போட்டு விக்கலாம் டீச்சர்" என்றார் காதர் பாய்.

"போன தடவை என்ன ஆச்சு பாய்? வித்ததைவிட நாம சாப்ட்டதுதான் ஜாஸ்தி."

கேரம் போட்டி என்றார் ஒருவர். கேரம் போர்டு உடைந்தால் பரவாயில்லை, எங்கள் பகுதியில் மண்டை உடையும் என்று அதையும் தள்ளினார்கள். காலை நேரத்தில் எண்ணூர் சாலையில் விழிப்புணர்வு நடைப்பயணம் போகலாம் என்றார் இன்னொருவர். "அந்த டிரெய்லர் லாரிங்களுக்கு நடுவுல நடந்தா விழிப்புணர்வு வராது, ஆம்புலன்ஸ்தான் வரும்" என்று பாய் முடித்துவைத்தார்.

அப்போதுதான் நான் தொண்டையைச் செருமினேன். வெளிநாடுகளில் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்குத் துணையாக மற்றவர்களும் மொட்டையடித்துக்கொள்கிறார்கள், ஒவ்வொரு தலைக்கும் நண்பர்கள் பணம் கொடுக்கிறார்கள் என்று போனில் படித்ததைச் சொன்னேன். சொல்லும்போது துண்டு கட்டிய அம்மாவின் தலை நினைவுக்கு வந்து குரல் உடைந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் "யார் யார் ரெடி?" என்று கேட்டார். இருந்த அத்தனை கையும் மேலே போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாதா கோயில் தெருமுனையில் சின்ன மேடை, மைக் செட், நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் சலூன் குமார். உண்டியலுக்காகப் பாய் தன் கடையிலிருந்து சிவப்பு வாளி ஒன்றை மூடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார். பூசை முடிந்து வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க நின்றார்கள். எல்லாம் தயார். தலைகள்தான் வரவில்லை. ஒருவருக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். ஒருவருக்கு ஜலதோஷமாம். ஒருவர் வந்தார், பெண்டாட்டி பின்னாலேயே வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கடைசி நம்பிக்கையாகக் காதர் பாயைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். தலை பளபளவென்று இருந்தது.

"எனுக்கு இன்னா தம்பி கீது அடிக்கறதுக்கு? அல்லா எப்பவோ அடிச்சிட்டான்."

ஆக, நான் ஒருவன்தான். உட்கார்ந்தேன். டீச்சர் என் போனை வாங்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். பத்தே நிமிடத்தில் மண்டை காலி. கூட்டம் லேசாகக் கலையத் தொடங்கியது. வாளியில் சத்தமே இல்லை. பாய் மைக்கைப் பிடுங்கினார்.

"தம்பி மீசையும் எடுத்தா நான் தனியா ஒரு தொகை போடறேன்! போடறவங்க எல்லாம் வாங்க!"

கலைந்த கூட்டம் திரும்பியது. ஒருவர் விசிலடித்தார். எனக்கு அதன் அர்த்தம் தெரியாமல் இல்லை. இரண்டு வருடம் முன்புதான் அம்மாவுக்காக இதே மீசையை எடுத்திருக்கிறேன். ஆனால் அத்தனை முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் காதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

குமார் கத்தியை எடுத்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டார். "சார், நைனா கீறாரா?"

"எண்ணூர்ல நல்லாத்தான் கீறாரு. நீ எடு."

அவர் ஒருமுறை மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு எடுத்தார்.

கைதட்டல் ஓய்ந்து வாளியைத் திறந்தோம். பெரும்பாலும் சில்லறை. ஒரு அந்தோணியார் படம். "வேன் வராது தம்பி, ஸ்டெப்னி டயர் வேணா வரும்" என்றார் பாய், ரொம்ப மென்மையாக. பிறகு எல்லாருக்கும் வீடு இருந்தது. டீச்சர் வீட்டுக்கு மகன் குடும்பம் வந்திருந்தது. பாய்க்குக் கடை. குமாருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மைக் செட்காரர் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போன் சார்ஜ் தீர்ந்து கையில் அணைந்து கிடந்தது. ஞாயிறு மதியம் ராயபுரத்துத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு வாசனை வரும். எல்லாம் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம். புது மொட்டையில் வெயில் சுள்ளென்று அடித்தது. அழுகை வரும் போல இருந்தது. யாரிடமாவது காட்டவேண்டும் என்று தோன்றியது, உலகத்தில் காட்டுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். 'அம்மாவுக்காகப் பண்ணேன் நைனா.' இந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் பதிலுக்கு ஏதாவது ஒன்று சொல்லிவிட்டால் போதும்.

பிளாட்பாரத்தில் ஏழுமலை மாமா நின்றிருந்தார். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. அருகில் வந்து என் இரண்டு கையையும் பிடித்து அழுத்தினார். நான், அவருக்கு அக்கா நினைப்பு வந்துவிட்டது போல, மொட்டைச் செய்தி இதற்குள் இவர் வரைக்கும் போய்விட்டதே என்று நெகிழ்ந்துபோய் அவர் தோளில் சாய்ந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த ரயிலில் ஏறாமல், 'போய்ட்டு வரேன்' என்றுகூடச் சொல்லாமல் வெளியே நடந்தார். (சாவு வீட்டில் யாரும் 'போய்ட்டு வரேன்' சொல்வதில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.) போகும்போதே போனைக் காதில் வைத்ததை மட்டும் பார்த்தேன்.

ரயிலில் ஒரு இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். கொய்யாப்பழம் விற்கும் அம்மா ஒரு பழத்தை என் கையில் திணித்து, "வெச்சுக்கோ ராசா, வயித்த காயப்போடாத" என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போனாள். எதிரில் இருந்த பெரியவர் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஒரே பெருமிதம். நல்ல காரியம் ஒன்று செய்தால் வட சென்னை எப்படிக் கொண்டாடுகிறது பாருங்கள்! திருவொற்றியூரில் சரக்கு ரயிலுக்கு வழிவிட வண்டி ரொம்ப நேரம் நின்றது. எனக்கு அலுக்கவே இல்லை. அம்மா போன பிறகு இத்தனை பேர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

எண்ணூரில் இறங்கி எங்கள் தெருவில் திரும்பினால், வீட்டு வாசலில் கூட்டம்.

பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கையில் மாலைகளோடு சொந்தக்காரர்கள். தெருமுனை மன்றத்துப் பையன்கள் ஏணி போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். (எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிடும்.) 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே, வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய அப்பாவின் முகம் திடுக்கிட்டது போல் என்னைப் பார்த்தது. வீடு பூட்டியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதது கஸ்தூரி அத்தை.

அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவின் ஒரே தங்கை, தண்டையார்பேட்டை. இந்த வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அத்தை வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போனதிலிருந்து, "உன் பொணத்துக்கு வரேன், அதுவரிக்கும் உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டு, அம்மா சாவுக்குக்கூடத் தெருவில் நின்றே அழுதுவிட்டுப் போனவள். அப்படிப்பட்ட அத்தை இன்று படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

என் மொட்டை எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. நான் மேடையில் உட்கார்ந்து கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இங்கே தனியாகப் போயிருக்கிறார். தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருந்திருக்காது. பிறகுதான் மீசை ஞாபகம் வந்தது. எடுத்தேனே, எடுத்தவுடன் போய்விட்டாரே! நான் பகுத்தறிவு பேசுகிறவன். அந்த நிமிடம் குமாரின் கத்திதான் என் அப்பாவைக் கொன்றது என்று சத்தியமாக நம்பினேன். "நைனா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அத்தை எழுந்து என் சட்டையைப் பிடித்தாள். "எங்கண்ணன் மூஞ்சக்கூட காட்டாம எத்துனு போய் எரிச்சிட்டு வந்து நிக்கிறியேடா பாவி! ஒரு போனு பண்ணக்கூடாதா?"

"யாரு எரிச்சது? அத்தே, எனுக்கே இப்பத்தான் தெரியும்!"

"மொட்டய போட்டுகினு வந்து நிக்கிற, இப்பத்தான் தெரியுமா?"

"இது வேன் வாங்க போட்ட மொட்ட அத்தே!"

அழுகைச் சத்தம் பட்டென்று நின்றது. எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள். எங்கள் வழக்கத்தில் சுடுகாட்டில்தான் மகனுக்கு மொட்டை. அம்மாவுக்கு ஏற்கெனவே போட்டாயிற்று. மிச்சம் இருப்பது ஒருவர். இவன் தலை இப்படி இருக்கிறது என்றால் எல்லாம் முடிந்துவிட்டது, சொல்லாமல் முடித்துவிட்டான் என்று மாமா கணக்குப் போட்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். என் போனோ செத்துக் கிடந்தது. அப்பாவுக்கு ஒரு போன் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செத்தவர் நம்பருக்கு யாராவது போன் பண்ணுவார்களா?

"அப்போ மெய்யாலுமே எங்கண்ணன் இன்னாடா ஆனான்?" என்றாள் அத்தை.

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.

அப்பா வந்துகொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் மீன் பை தொங்கியது. முகத்துவாரக்குப்பத்துக்குப் போய் வலையிலிருந்து எடுத்த மீனை வாங்கிவருவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு மீன் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். நாற்காலிகளைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸை அண்ணாந்து நிதானமாகப் படித்தார். "வயச தப்பா போட்டுக்கீறானுங்க" என்றார். பிறகு திரும்பி, என் மேலுதட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார்றா... நானா?"

நான் போய்க் கட்டிக்கொண்டேன். பெரியவனான பிறகு அவரை நான் தொட்டதே இல்லை, எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. மீன் பை நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் சட்டையில் உப்புத்தண்ணீர் வாடை. அவருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் மொட்டையில் வைத்தார்.

அத்தை கையிலிருந்த மாலையாலேயே அவரை அடித்தாள். "உன் பொணத்துக்குத்தானேடா வந்தேன்! என் சபதத்த கலீஜ் பண்ட்டீங்களேடா அப்பனும் புள்ளயும்!"

"வந்தது வந்துட்ட, உள்ள வா. மடவ மீனு கீது" என்றார் அப்பா.

உள்ளே போனோம். அத்தை மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். அப்பா அடுப்படியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்கம்மாவுக்கா?"

"ம்."

அவர் மீன் பையை அத்தை கையில் கொடுத்தார். பிறகு அத்தையிடம் சொல்வது போல ஆரம்பித்து என்னிடம் முடித்தார். "அவுளுக்கு முடி கொட்ட சொல்லோ நானும் போட்டுக்கறேன்னு சலூன் வரிக்கும் பூட்டேன். ஆள் வுட்டு இஸ்துகினு வந்துட்டா. 'நான் உசுரோட கீற சொல்லோ நீ மொட்ட போட்டுகினா ஊரே மாலைய எத்துனு வந்துடும்யா'ன்னா. அத்த சொல்லிச் சொல்லி அன்னிக்கு முச்சூடும் சிரிச்சா. அந்த வருசத்துலயே அவ சிரிச்சது அன்னிக்குத்தான்டா."

அன்றைக்கு நானும் அதே வீட்டில்தான் இருந்திருப்பேன். எங்களுக்குள் எல்லாச் செய்தியையும் சுமந்த அம்மா, இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

சாவுக்கு வாங்கிய மாலையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடாது. எல்லாவற்றையும் அம்மா படத்துக்கே போட்டார்கள், அம்மா முகமே தெரியவில்லை. அடுத்துதான் அத்தை தீர்ப்புச் சொன்னாள். "கருமாதிக்குன்னு எடுத்த துட்டும் அப்டித்தான். யாரும் திருப்பி வூட்டுக்கு எத்துனு போவாதீங்க, குடும்பத்துக்கு ஆவாது." எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். "என்ன ஏன்டா பாக்கறீங்க? நான் சாவல. வேனுக்குப் போடுங்க" என்றார். வீட்டுப் பிளாஸ்டிக் வாளி ஒன்று நடுக்கூடத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து ஏழுமலை மாமா மேளக்காரர்களோடு வந்து இறங்கினார். முன்பணம் வாங்கியாயிற்று, அடிக்காமல் போனால் தொழிலுக்கு ஆகாது என்று அவர்கள் தெருவில் நின்று வெளுத்து வாங்கினார்கள். தெருவே ஆடியது. மன்றத்துப் பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். அப்பா படியில் நின்று தன் சாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல, நல்லாத்தான் பண்ணுவானுங்க போல" என்றார்.

வேன் வந்தது. பழசு, முதல் கியரில் இருமும், ஆனால் ஓடியது. அப்பா அதில் துணையாளாகப் போக ஆரம்பித்தார். திரும்பும்போது வாந்தி வருகிறவர்களுக்குக் கவர் பிடிப்பது, தலையைத் தாங்கிக்கொள்வது எல்லாம் அவர்தான். நோயாளிகளிடம் "நான் ஒரு தபா செத்துப் பாத்துட்டேன், ஒண்ணும் பயப்பட வேணாம்" என்பாராம். ஒவ்வொரு வருடமும் நிதிக் கூட்டத்தில் ஸ்டெல்லா டீச்சர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "உங்க அப்பா இந்த வருஷமும் சாக ஒத்துப்பாரா?" என்று கேட்பார். அந்த ஃப்ளெக்ஸைத் தூக்கிப்போட அப்பா விடவில்லை. "வயச மட்டும் மாத்திக்கலாம்" என்று சுருட்டிப் பரணில் வைத்துவிட்டார்.

அந்த மொட்டைக்குப் பிறகு அப்பா தினமும் சாயந்திரம் எனக்குப் போன் பண்ணுவார். "மீச எவ்ளோ வந்துது?" என்பார். "கொஞ்சம்" என்பேன். அப்புறம் வேன் கதை, மீன் கதை. மீசை முழுக்க வளர்ந்து, அதில் ஒன்றிரண்டு நரை விழுந்த பிறகும் அதே கேள்வியில்தான் ஆரம்பிப்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே வந்து எண்ணூரில் தங்கியிருந்தேன். விடிந்தும் அப்பா எழுந்திருக்கவில்லை. டீ போட்டுக் கொண்டுபோய் எழுப்பினேன். எழுப்பிக்கொண்டே இருந்தேன்.

மாமாவுக்குப் போன் பண்ணினேன். "இந்த வாட்டி இன்னாடா வாங்கப் போற, ஆம்புலன்ஸா?" என்று கேட்டுச் சிரித்தார், லைன் கட்டாகிவிட்டது. காதர் பாய் எடுத்தவுடன், "தம்பி, மீசையோட கீறியா?" என்றார். மீசை இருந்தது. அத்தைக்குப் போட்டேன்.

"அத்தே, நைனா பூட்டாரு."

"டேய், வெளாடாத. போன உங்க நைனாகிட்ட குடு. அவன் சொல்லட்டும், நான் வரேன்."

எவ்வளவோ சொன்னேன். "குட்றா அவன்கிட்ட" என்பதையே அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு வழி தெரியாமல் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அண்ணா" என்று கூப்பிட்டாள். "டேய் அண்ணா, ஒயுங்கா பேசு" என்றாள். இன்னும் ஒருமுறை கூப்பிட்டாள். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

அவர்கள் எல்லாரும் வந்து சேரும் வரைக்கும் வீட்டில் நானும் அவரும்தான் இருந்தோம். டீ ஆறிப்போயிருந்தது. டிவியைப் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

இப்போது குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் அத்தை இந்தக் கதையைச் சொல்லாமல் சாப்பாட்டுப் பந்தி முடியாது. செத்தவனிடமே போனைக் கொடுக்கச் சொன்னதை அவளே நடித்துக் காட்டுவாள். பரணிலிருந்து எடுத்த பழைய ஃப்ளெக்ஸில் வயதை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிக் கட்டியதை மாமா சொல்வார். எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். "மீச கீதாடா?" என்று யாராவது பந்தியின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார்கள். நான் தொட்டுக் காட்டுவேன். நன்றாகவே வளர்ந்துவிட்டது. சாயந்திரத்தில் போன் பண்ணி அதை விசாரிக்கத்தான் ஆள் இல்லை.